நீர் விலக்கும் நானோ பூச்சு: சிங்கப்பூரில் எங்கே பூசுவது, எப்படிப் பூசுவது

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. மழை இல்லாத நாளிலும் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. இப்படிப்பட்ட ஊரில் ‘ஒரு தடவை தெளித்தால் போதும், தண்ணீர் ஒட்டவே ஒட்டாது’ என்று சொல்லி விற்கும் புட்டிகளுக்கு நல்ல கிராக்கி. குளியலறைக் கண்ணாடி, கார், காலணி, வெளிச்சுவர், கைபேசித் திரை என்று எல்லாவற்றுக்கும் ஒன்று கிடைக்கிறது.

இந்தப் பூச்சுகள் உண்மையிலேயே வேலை செய்கின்றன. ஆனாலும் வாங்கிப் பூசியவர்களில் பலர் இரண்டு மாதத்தில் சலித்துப் போகிறார்கள். பெரும்பாலும் பொருளில் கோளாறு இருக்காது. பூசிய இடம் தவறாக இருக்கும், இல்லையென்றால் பூசுவதற்கு முன் சுத்தம் செய்தது போதாமல் இருக்கும். ஒன்றை மட்டும் முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள்: இந்தப் பூச்சு ஓடுகிற தண்ணீருக்கானது, தேங்கி நிற்கிற தண்ணீருக்கானது அல்ல. கீழே வரும் முடிவுகளில் பாதி இதிலிருந்துதான் வருகின்றன.

படி 1: துளியைப் பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன், பூச நினைக்கும் பரப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மருந்துப் புட்டியோடு வரும் சொட்டுக்குழாய் போதும். கைபேசியைப் பரப்போடு ஒட்டித் தாழ்வாகப் பிடித்து, துளியைப் பக்கவாட்டில் படம் எடுங்கள். படத்தைப் பெரிதாக்கினால், துளியின் ஓரம் பரப்பைத் தொடும் இடத்தில் ஒரு கோணம் தெரியும். பிள்ளைகளின் கணிதப் பெட்டியில் இருக்கும் கோணமானியை வைத்து, துளியின் உட்பக்கமாக அதை அளக்கலாம்.

சுத்தமான கண்ணாடியில் துளி தட்டையாகப் படர்ந்துவிடும். கோணம் 30 பாகையை ஒட்டியோ அதற்கும் கீழோ இருக்கும். 90ஐத் தாண்டினால் அந்தப் பரப்பு நீரை விலக்குகிறது என்று பொருள். 150க்கு மேல் போய், லேசாகச் சாய்த்ததுமே துளி உருண்டு ஓடினால் அது ‘சூப்பர் ஹைட்ரோபோபிக்’ பரப்பு. விளம்பரக் காணொளிகளில் தண்ணீர் முத்து முத்தாகத் துள்ளி ஓடுகிறதே, அது இந்த வகை.

இங்கே ஒரு வரம்பு உண்டு, விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை. வழவழப்பான பரப்பில் வேதிப்பொருளை மட்டும் வைத்து ஏறத்தாழ 120 பாகைக்கு மேல் போக முடியாது. அதைத் தாண்ட வேண்டுமானால் பரப்பில் மிக நுண்ணிய மேடுபள்ளம் வேண்டும். தாமரை இலையில் இருப்பது அதுதான். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்ஹெல்ம் பார்த்லாட், கிறிஸ்டோஃப் நைன்ஹுயிஸ் இருவரும் 1997இல் இதை விரிவாக எழுதினார்கள். இலையெங்கும் நுண்ணிய மேடுகள், அவற்றின் மேல் இன்னும் நுண்ணிய மெழுகுப் படிகங்கள். துளி அந்த நுனிகளில் மட்டும் உட்காருகிறது, இடையில் காற்று. உருளும்போது தூசியையும் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறது.

சேப்பங்கிழங்கு இலையிலும் இதே அமைப்புதான். ஓர் இலை கிடைத்தால் பாதியை விரலால் அழுத்தித் தேய்த்துவிட்டு, இரண்டு பக்கமும் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தேய்க்காத பாதியில் துளி நிற்காமல் ஓடும். தேய்த்த பாதியில் ஒட்டிக்கொள்ளும். நுனிகள் நசுங்கினால் கதை முடிந்தது. உயிருள்ள இலைக்கு மெழுகு மறுபடி சுரக்கும், புட்டியிலிருந்து வந்த பூச்சுக்குச் சுரக்காது. அதனால்தான் கை படும், துணி உரசும் இடங்களுக்கு ‘சூப்பர்’ வகையை வாங்காதீர்கள் என்கிறேன். அந்த வகை பல நேரங்களில் கண்ணாடியில் வெள்ளை மூட்டமும் போடும். கண்ணாடிக்கென்று விற்கும் தெளிவான பூச்சுகள் பொதுவாக 100 முதல் 115 பாகைக்குள் நிற்கின்றன. அது குறை அல்ல, உழைப்பதற்காகச் செய்துகொண்ட சமரசம்.

படி 2: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் இந்தப் பூச்சுக்கு மிகப் பொருத்தமான இடம் குளியலறையின் தடுப்புக் கண்ணாடி. செங்குத்தாக நிற்கிறது, தண்ணீர் வழிந்து ஓடுகிறது, யாரும் உரசுவதில்லை. சோப்புப் படலம் குறையும், தேய்க்கும் வேலையும் குறையும். இதற்கு அடுத்து, மழைச்சாரல் அடிக்கும் சன்னலின் வெளிப்புறம். ஆனால் கை எட்டும் கண்ணாடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் மாடியில் உடம்பை வெளியே நீட்டிப் பூசும் அளவுக்கு எந்தப் பூச்சும் முக்கியமில்லை.

அதே குளியலறையில் இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு இது ஆகாது. வெந்நீர் ஆவி படியும்போது, நீரை விலக்கும் பரப்பில் அது ஆயிரக்கணக்கான குட்டித் துளிகளாக நிற்கும், முகமே தெரியாது. அங்கே தேவை நேர்மாறான பூச்சு: தண்ணீரை இழுத்துச் சீரான படலமாகப் பரப்பிவிடும் வகை. மூக்குக்கண்ணாடிக்கு மூட்டம் பிடிக்காமல் இருக்கப் பூசுவதும் இந்த இனம்தான். இரவு முழுக்க ஏர்கான் ஓடும் அறையில், காலையில் சன்னலின் வெளிப்பக்கம் வியர்த்து நிற்குமே, அங்கேயும் தாமரை வகை தோற்றுவிடும். மழைத்துளி மேலிருந்து வந்து நுனிகளில் உட்காருகிறது. பனித்துளியோ பள்ளத்துக்குள்ளேயே பிறந்து, காற்று இருக்க வேண்டிய இடத்தை நிரப்பிவிடுகிறது.

குளியலறைத் தரையைப் பற்றி என் கருத்து கறாரானது: பூச வேண்டாம். வழுக்கும் ஆபத்து கூடலாம். முதியவர்கள் இருக்கும் வீட்டில் அந்த விஷப்பரீட்சை தேவையில்லை. முதியவர்களுக்கு ஏற்ப வீட்டை மாற்றியமைக்கும் வீவகவின் ‘ஈஸ்’ திட்டத்தில் தரை ஓடுகளுக்கு வழுக்காத சிகிச்சை செய்து தருகிறார்கள். ஏற்கெனவே அதைச் செய்திருந்தால் அதன் மேல் எதையும் பூசிக் கெடுத்துவிடாதீர்கள்.

மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து கீழ்வீட்டுக் கூரையில் நீர் கசிகிறதா? நானோ பூச்சு அதற்கு மருந்தல்ல. ஓட்டுக்கு அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் படலம் பழுதாகியிருக்கிறது. ஓட்டு இடுக்கில் பூசினால் மேலே தண்ணீர் முத்தாக நிற்கும், தேங்கிய தண்ணீர் விரிசல் வழியே தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருக்கும். மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் இதில் கூட்டுப் பொறுப்பு உண்டு. வீவக கிளையில் தெரிவித்துச் சரிசெய்வதுதான் வழி.

அடுப்படிச் சுவரில் பூசலாம், ஆனால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். தண்ணீரின் பரப்பு இழுவிசை (துளியை உருண்டையாக இழுத்துப் பிடிக்கும் விசை) மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சமையல் எண்ணெய்க்கு அதில் பாதிகூட இல்லை. தண்ணீரைத் துரத்தும் பரப்பில் தாளிப்பு எண்ணெய் அலட்டிக்கொள்ளாமல் படரும். சோப்புக் கலந்த தண்ணீரும் அப்படியே. வாணலி, வெட்டுப்பலகை, தண்ணீர்த் தொட்டியின் உட்பக்கம் ஆகியவற்றில் பொதுப் பயன்பாட்டுப் பூச்சுகளைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள்.

படி 3: பரப்புக்கு ஏற்ற வகை

கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் சிலேன் என்ற சிலிக்கான் சேர்ம வகை. அதன் மூலக்கூறின் ஒரு முனை கண்ணாடிப் பரப்பில் இருக்கும் ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் இணை) தொகுதியோடு பிணைந்துகொள்ளும், மறுமுனை தண்ணீரை விலக்கும். பிணைந்த படலத்தின் தடிமன் சில நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்றால் எவ்வளவு மெல்லியது என்று புரியும். நெகிழிப் பரப்பில் அந்த ஹைட்ராக்சில் பிடிமானம் கிடையாது. கண்ணாடிக்கான பூச்சை அக்ரிலிக் கதவில் பூசினால் சீக்கிரம் போய்விடுவதற்கு இதுதான் காரணம்.

சிமெண்ட், செங்கல், கருங்கல் போன்ற உறிஞ்சும் பரப்புகளுக்குச் சிலேன்-சிலாக்ஸேன் கலவை. இது மேலே படலமாக நிற்காமல் உள்ளே இறங்கி, துளைகளை அடைக்காமல் அவற்றின் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். காருக்கு ‘செராமிக் கோட்டிங்’ என்று விற்பது சிலிக்காவையோ பாலிசிலசேன் என்னும் சிலிக்கான் சேர்மத்தையோ அடிப்படையாகக் கொண்டது. துணிக்கும் காலணிக்கும் தனி வகை.

வாங்கும்போது ‘நானோ’ என்ற சொல்லை நம்பி எடுக்காதீர்கள். எந்தப் பரப்புக்கு, எந்த வேதிப்பொருள், எவ்வளவு நேரம் காய வேண்டும் என்பது அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் இல்லாத புட்டியை நான் வாங்க மாட்டேன்.

படி 4: சுத்தம்

வேலையின் முக்கால் பங்கு இதுதான். முதலில் சோப்புப் படலத்தைப் பாத்திரம் கழுவும் திரவத்தால் எடுங்கள். வெள்ளைத் திட்டுகள் இருந்தால் வினிகரோ சிட்ரிக் அமிலக் கரைசலோ ஊற்றிச் சற்று ஊறவிடுங்கள். பக்கத்தில் மார்பிள் இருந்தால் அமிலம் அதன் மேல் படக்கூடாது, பளபளப்பைத் தின்றுவிடும். நிறைய தண்ணீர் விட்டு அலசி, துடைத்து, கடைசியாக ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் புதிய மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து ஒரு முறை துடையுங்கள். துணி துவைக்கும்போது மென்மையூட்டி சேர்த்திருந்தால் அந்தத் துணி வேண்டாம், அதுவே ஒரு படலத்தை விட்டுவிட்டுப் போகும்.

சுத்தமாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆல்கஹால் துடைப்புக்குமுன் கண்ணாடி மேல் தண்ணீரை வழியவிடுங்கள். அறுபடாத ஒரே படலமாக இறங்கினால் சுத்தம். எங்காவது படலம் பிளந்து முத்துக் கட்டினால் அங்கே எண்ணெயோ பழைய சிலிகானோ மிச்சம் இருக்கிறது. தண்ணீரை விலக்கும் பூச்சைப் பூசப் போகும் பரப்பு, பூசும் முன் தண்ணீரை நன்றாக ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்தச் சோதனையைத் தாண்டாத கண்ணாடியில் எவ்வளவு விலையுயர்ந்த பூச்சு போட்டாலும் அது அழுக்கின் மேல்தான் ஒட்டும்.

படி 5: மூச்சையும் நெருப்பையும் கவனியுங்கள்

2006 மார்ச்சில் ஜெர்மனியில் ‘மேஜிக் நானோ’ என்ற தெளிப்பானைக் குளியலறையில் பயன்படுத்திய நூறு பேரளவில் மூச்சுத்திணறலுக்கு ஆளானார்கள். சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்து மருத்துவமனை வரை போனது. பிறகு சோதித்தபோது அதில் நானோ துகள் எதுவுமே இல்லை என்று தெரிந்தது. அழுத்தவாயுக் கலனிலிருந்து மிக நுண்ணிய மூடுபனியாக வந்து நுரையீரலின் ஆழம் வரை போனதுதான் சிக்கல்.

நம் குளியலறைகள் எவ்வளவு சிறியவை என்று உங்களுக்கே தெரியும். வீட்டுக்குள் அழுத்தவாயுக் கலன் வேண்டாம். துணியில் ஊற்றித் தேய்க்கும் வகையை வாங்குங்கள். காலணிக்குத் தெளிப்பான்தான் கிடைக்கிறது என்றால் கீழே திறந்த வெளிக்குக் கொண்டுபோய், காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று தெளியுங்கள். புளோக் நடைபாதையில் தெளித்தால் அது பக்கத்து வீட்டாரின் மூச்சுக்குள் போகும். கூண்டில் பறவை வளர்ப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், பறவைகளின் நுரையீரல் இதைத் தாங்காது. முகக்கவசம் துகளைத் தடுக்கும், கரைப்பானின் ஆவியைத் தடுக்காது.

பல பூச்சுகளில் கரைப்பானே ஆல்கஹால்தான். அடுப்பை அணையுங்கள், சாமி விளக்கையும் ஊதுபத்தியையும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஆவி முழுக்கப் போன பிறகு விளக்கேற்றலாம்.

படி 6: பூசுதல்

கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் முதலில் பூசி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மூட்டமோ நிறமாற்றமோ இல்லையென்றால் மேலே போகலாம்.

பஞ்சுத் துணியில் சில சொட்டு விட்டு, இரண்டடிக்கு இரண்டடிப் பகுதியாக, முதலில் மேலும் கீழுமாகவும் அப்புறம் குறுக்காகவும் தேய்த்துப் பரப்புங்கள். கண்ணாடிக்குச் சதுர மீட்டருக்குச் சில மில்லிலிட்டரே போதும். அதிகம் ஊற்றினால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. மீந்தது காய்ந்து திட்டாகிவிடும். அட்டையில் சொன்ன நேரம் கழித்து உலர்ந்த துணியால் மெருகேற்றுங்கள். பிறகு காயும் வரை தண்ணீர் படக்கூடாது. பெரும்பாலானவற்றுக்கு ஓர் இரவு முதல் ஒரு நாள் வரை ஆகும். ஒரே குளியலறை உள்ள வீட்டில் இரவு எல்லாரும் குளித்த பிறகு தொடங்குவது நல்லது.

வெளிவேலைக்கு நாள் பார்க்க வேண்டும். நம் ஊரில் பிப்ரவரிதான் மழை மிகக் குறைந்த மாதம். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை கிடைக்கும் இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வெயிலில் கொதிக்கும் பரப்பிலும் பூசாதீர்கள், துணி எடுக்கும் முன்பே காய்ந்துவிடும்.

கார் முன்கண்ணாடிக்கும் இதே முறைதான். விரைவுச்சாலை வேகத்தில் துளிகள் காற்றிலேயே பறந்துவிடுவதால் இரவு மழையில் பார்வை நன்றாகத் தெளியும். ஆனால் சுத்தம் குறைந்தாலோ மெருகேற்றாமல் விட்டாலோ வைப்பர் தடதடவென்று அதிரத் தொடங்கும். வைப்பர் ரப்பரையும் ஆல்கஹாலில் துடைத்துவிடுங்கள். காரின் மேல்பூச்சில் இன்னொரு சங்கதி: துளி உருண்டு ஓடாமல் அப்படியே நின்று வெயிலில் காய்ந்தால், கரைந்திருந்த தாதுக்கள் வட்ட வட்டமாகக் கறை விடும். தட்டையான மேற்கூரையிலும் பானெட்டிலும் இது அதிகம். கழுவியதும் துடைத்துவிட வேண்டும்; மைனா எச்சத்தையும் விட்டுவைக்கக்கூடாது. ‘செராமிக்’ போட்டாயிற்று, இனி கழுவவே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

படி 7: பராமரிப்பு

காரத்தன்மை கூடிய கழுவிகளும் கரகரப்பான நாரும்தான் பூச்சின் எதிரிகள். மிதமான சோப்பு, மெத்தென்ற துணி போதும். வீட்டில் வேலை செய்யும் பணிப்பெண்ணுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். ஒரு முறை இரும்பு நார் பட்டால் போதும். துளிகள் உருண்டையாக நிற்காமல் வால் விட்டு இழுபடத் தொடங்கினால், முதலில் நன்றாகக் கழுவிப் பாருங்கள். பல நேரம் பூச்சு அப்படியேதான் இருக்கும், மேலே அழுக்கு மூடியிருக்கும். கழுவியும் திருந்தவில்லை என்றால் மறுபடி பூசுங்கள்.

மழைச்சட்டைக்குத் துவைத்த பின் மிதமான சூடு கொடுத்தால், அயர்ந்துபோன நீர்விலக்கும் தன்மை ஓரளவு மீளும். பராமரிப்புச் சீட்டில் அனுமதி இருந்தால் உலர்த்தும் இயந்திரத்தில் போடலாம்.

துணிப் பூச்சு வாங்கும்போது ‘ஃபுளோரின் அற்றது’ என்று எழுதியிருப்பதை எடுங்கள், குறிப்பாகப் பிள்ளைகளின் வெள்ளைப் பள்ளிக் காலணிக்கு. ‘பிஃபாஸ்’ எனப்படும் ஃபுளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்கிவிடுகின்றன. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பிஎஃப்ஓஎஸ் 2009இலும், பிஎஃப்ஓஏ 2019இலும், சிதையாத மாசுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அந்த உடன்படிக்கையில் சிங்கப்பூரும் உறுப்பு நாடு. ஃபுளோரின் இல்லாத வகை எண்ணெய்க் கறையைத் தடுக்காது, மழைக்குப் போதும். பிள்ளை மிதிப்பது மழைத்தண்ணீரைத்தானே.

தொழிற்சாலைகளில்

மின்னணுச் சுற்றுப்பலகைகளுக்கு ‘பாரிலீன்’ போன்ற பூச்சுகளை வெற்றிடக் கலனில் ஆவியாகப் படியவைக்கிறார்கள். ஆவி என்பதால் இடுக்குகளிலும் சீராகப் போய்ச் சேரும். கைபேசி ‘ஐபி68’ (தூசியும் தண்ணீரும் புகாது என்ற தர அடையாளம்) என்று சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் ரப்பர் அடைப்புகளும் பசையும். கீழே விழுந்து சட்டம் வளைந்த கைபேசியைப் பழைய நம்பிக்கையோடு நீச்சல் குளத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மின்னிலையத்தில் நீராவியைக் குளிரவைக்கும் குழாய்களில் தண்ணீர் படலமாகப் படிந்தால், அந்தப் படலமே வெப்பத்துக்குத் தடையாகும். துளித்துளியாகப் படிந்து உதிர்ந்தால் வெப்பம் பல மடங்கு வேகமாகக் கடக்கும். 1930களிலிருந்தே பொறியாளர்களுக்கு இது தெரியும். ஆண்டுக்கணக்கில் நீராவியைத் தாங்கும் பூச்சைச் செய்வதுதான் இன்னும் பெரும்பாடு.

ரசாயன ஆலைகள் நிறைந்த ஜூரோங் தீவு போன்ற இடங்களில் வெப்பக்காப்பு உறைக்குள் ஈரம் புகுந்து குழாய் வெளியே தெரியாமலேயே அரிப்பது பெரிய தலைவலி. நீரை விலக்கும் சிலிக்கா ஏரோஜெல் (காற்று நிறைந்த மிக இலேசான திடப்பொருள்) போர்வைகள் இதற்குப் பயன்படுகின்றன. 2018இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய நெகிழிப் போத்தல்களிலிருந்தே ஏரோஜெல் செய்து காட்டினார்கள். அதை நீர் விலக்கும்படி பக்குவப்படுத்தினால் சிந்திய எண்ணெயை உறிஞ்சும்.

தேய்ந்தால் போய்விடும் என்ற பழைய சிக்கலுக்கு வேறொரு விடையும் உண்டு, அது நம் காட்டில் வளரும் செடியிலிருந்து வந்தது. குடுவைத் தாவரத்தின் வாய் ஓரத்தில் ஈரப்படலம் இருப்பதால்தான் பூச்சி வழுக்கி விழுகிறது. ஹார்வர்டில் ஜோவானா ஐசன்பெர்கின் குழுவினர் 2011இல் இதைப் பின்பற்றி, நுண்துளைப் பரப்பில் மசகுத் திரவத்தைத் தேக்கி ஒரு பூச்சு செய்தார்கள். கீறல் விழுந்தால் திரவம் ஊர்ந்து வந்து நிரப்பிக்கொள்ளும். எண்ணெயையும் அது விலக்குகிறது. எனக்கு மிகவும் பிடித்த வழி இதுவே.

சுவரும் கோபுரமும்

வீவக புளோக்கின் வெளிச்சுவர் உங்கள் பொறுப்பில் வராது. கசிவு இருந்தால் நகர மன்றத்திடம் சொல்லுங்கள். தனிவீடு, கடைவீடு, கோயில் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தப் பகுதி.

லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். தரையிலிருந்து ஈரம் ஏறும், அது சுவர் வழியே ஆவியாக வெளியேற வேண்டும். அடைத்து நிற்கும் வண்ணத்தைப் பூசினால் ஈரம் உள்ளே சிக்கி, உப்புப் பூத்து, சாந்து பெயர்ந்து விழும். மூச்சுவிடும் சிலேன்-சிலாக்ஸேன்தான் பொருத்தம். அதையும் தரை ஈரத்தைச் சரிசெய்த பிறகே பூச வேண்டும்.

கோயில் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களைப் பாருங்கள். மடிப்பு, விரல், கிரீடத்தின் இடுக்கு என்று தண்ணீர் தங்க ஆயிரம் இடம். மயிரிழை விரிசலில் மழை இறங்கி, உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்து உப்பி, விரலோ காதோ உடைந்து விழும். கருமையாகப் பாசியும் படரும். 12 ஆண்டுக்கு ஒரு முறை குடமுழுக்கை ஒட்டித் திருப்பணி நடக்கும்போது சாரம் கட்டியிருப்பார்கள். ஊடுருவும் பூச்சைப் பற்றிப் பேச அதுவே சரியான நேரம், ஏனென்றால் இதற்காக மட்டும் இன்னொரு முறை சாரம் கட்டக் கட்டுப்படியாகாது. ஸ்தபதியோடு கலந்து வரிசையை முடிவு செய்யுங்கள்: விரிசல் அடைப்பு முதலில், புதுச் சிமெண்ட் வேலை முதிர 28 நாள் அவகாசம், பிறகு பூச்சு, அதற்குப் பிறகு அதோடு ஒத்துப்போகும் வண்ணம். நீரை விலக்கும் பரப்பில் எல்லா வண்ணமும் பிடிக்காது என்பதால் பூச்சும் வண்ணமும் ஒத்துப்போகுமா என்று ஒரு சின்னச் சிற்பத்தில் பார்த்துவிட வேண்டும். எண்ணெய்க்காப்பும் அபிஷேகமும் நடக்கும் கருங்கல் திருமேனிகளுக்கு இந்தப் பேச்சே வேண்டாம்.

சிமெண்ட் சுவர் சதுர மீட்டருக்கு 100 முதல் 300 மில்லிலிட்டர் வரை குடிக்கும். குத்தகையாளர் தரும் விலைப்பட்டியலில் லிட்டரைப் பரப்பளவால் வகுத்துப் பாருங்கள். கணக்கு இதைவிடப் பாதியாக வந்தால், தண்ணீர் கலந்து பூசப்போகிறாரா என்று நேரடியாகவே கேளுங்கள்.

வேலை முடிந்ததும் தண்ணீரைத் தெளித்து முத்து முத்தாக ஓடுவதைக் காட்டுவார்கள். அது மேற்பரப்பைப் பற்றி மட்டுமே சொல்லும். ‘கார்ஸ்டன் குழாய்’ சோதனை கேளுங்கள். அளவுக்கோடு போட்ட சிறு கண்ணாடிக் குழாயைக் களிமண் போன்ற ஒட்டுப்பசையால் சுவரில் ஒட்டித் தண்ணீர் நிரப்புவார்கள். பூசாத ஓரிடத்தில் ஒன்று, பூசிய இடங்களில் இரண்டு மூன்று. 20 நிமிடத்தில் ஒவ்வொன்றிலும் மட்டம் எவ்வளவு இறங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். பூசிய இடத்தில் மட்டம் அசையாமல் நின்றால் பணம் கொடுக்கலாம்.